கொரிய முறையில் கீரை வதக்கினால் எனக்கு மட்டும் ஏன் தண்ணீர் விட்டுக் கூழாகிறது?

பொரியலுக்குப் போடுவது போலக் கீரையைப் பச்சையாகவே கடாயில் போட்டிருப்பீர்கள். கொரிய வீடுகளில் வதக்குகிற கீரைகளைப் பெரும்பாலும் முதலில் வேகவைத்து, அலசி, பிழிந்து, சுவைச் சேர்மானங்களைக் கையால் பிசறிய பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள்.

தென்கொரியாவின் தேஜன் நகரில் மூன்று வருஷம் இருந்தேன். கீழ்வீட்டுப் பாட்டி எனக்குச் சொல்லித் தந்தது சிரேகி, அதாவது காற்றில் உலர்த்திய முள்ளங்கிக் கீரை. எடுத்தால் சருகாக நொறுங்கும். அதை ராத்திரி முழுக்க ஊறவைத்து, 40 நிமிஷம் வேகவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே ஆறவிடுவார். அப்புறம் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தண்டின் நுனியையும் நகத்தால் கிள்ளி இழுப்பார். மேல்தோல் கண்ணாடித்தாள் மாதிரி நீளமாக உரிந்து வரும். அவசரத்தில் ஒருநாள் நான் இதை விட்டுவிட்டேன். வாய் முழுக்க நார்.

நம் ஊரில் முள்ளங்கியோடு வரும் பச்சைக் கீரையே போதும். உப்புப் போட்ட கொதிநீரில் தண்டு மெத்தென்று ஆகும்வரை வேகவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். சொட்டாமல் இருந்தால் சரி, துணி பிழிவது போல முறுக்க வேண்டாம்.

பிழிந்த கீரை 300 கிராமுக்கு, சூப்புக்கான சோயா சாஸ் (குக்கன்ஜங்) ஒன்றரை மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு மேசைக்கரண்டி, பெரில்லா (துளசிக் குடும்பத்துச் செடி) விதையில் ஆட்டிய எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. குக்கன்ஜங்கில் நிறம் குறைவு, உப்பு அதிகம். கிடைக்காவிட்டால் சாதாரண சோயா சாஸைக் குறைத்து, மீதிக்கு உப்புப் போடுங்கள். விரல்களால் நன்றாகப் பிசறிப் பத்து நிமிஷம் வையுங்கள். இந்த இடத்தில்தான் ருசி இறங்குகிறது. அவர்கள் 'சொன்மட்' என்பார்கள்; நாம் கைமணம் என்கிறோமே, அதேதான்.

இனிக் கடாய். மிதமான தீயில் மூன்று நிமிஷம் புரட்டி, அரை டம்ளர் நெத்திலிக் கருவாடு கொதித்த தண்ணீரோ அரிசி களைந்த தண்ணீரோ ஊற்றி, மூடி, பத்து நிமிஷம் விடுங்கள். கடைசியில் பெரில்லா விதைப்பொடி இரண்டு மேசைக்கரண்டி, கொஞ்சம் வெங்காயத்தாள். பாலாகக் கெட்டிப்பட்ட சாறு இலையில் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

பெரில்லாவுக்குப் பதில் நல்லெண்ணெய் ஊற்றலாமா என்றால், ஊற்றலாம், ஆனால் அந்த மணம் வராது. கொரிய எள்ளெண்ணெய்கூட வறுத்த எள்ளில் ஆட்டியது, நம்முடையது வறுக்காத எள்ளில். அதனால் நான் வெள்ளை எள்ளை வறுத்து, கொரகொரப்பாகப் பொடித்துக் கடைசியில் தூவுகிறேன். பெரில்லா எண்ணெய் கிடைத்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள், சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும்.

பாலக்கீரைக்கு இத்தனை வேலை கூடாது. கொதிநீரில் அரை நிமிஷம், அலசி, பிழிந்து, பிசறினால் முடிந்தது, அடுப்பே வேண்டாம்.

சாந்திர வருஷத்தின் முதல் பௌர்ணமிக்கு இப்படி உலர்ந்த கீரைகள் பலவற்றை வதக்கி, ஐந்து தானியச் சோற்றோடு சாப்பிடுவார்கள்; கோடை வெப்பம் தாக்காது என்று நம்பிக்கை. பாட்டி அன்றைக்கு எனக்கும் ஒரு கிண்ணம் மேலே கொடுத்தனுப்புவார்.