மாலை போட்டு விடுகிற பழக்கம் அல்ல இது

அன்புள்ள சகோதரிக்கு,

நியூ ஜெர்சிக்குக் குடிவந்து ஓராண்டு ஆவதற்குள் உங்கள் கணவருக்குக் கால் எலும்பு முறிந்தது என்றும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் கொடுத்த ஆக்சிகோடோன் என்ற வலி மாத்திரையை அவரால் நிறுத்த முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பழக்கத்திலிருந்து மீள மருத்துவர் மெத்தடோன், புப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் என மூன்று மருந்துகளைச் சொல்லியிருக்க, சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் உங்கள் மாமியாரோ, மகனை ஊருக்கு அனுப்பிவிடு, ஏற்காட்டில் உறவினர் வீட்டில் இரண்டு மாதம் இருந்தால் தானாகச் சரியாகிவிடும் என்கிறார். நான் அங்கே பல ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை செய்பவன். இப்போது விடுப்பில் வந்து அஸ்தம்பட்டி வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன். எந்த மருந்து என்பதை அவரைப் பரிசோதித்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் மருந்தே இல்லாமல் ஏற்காட்டுக்கு அனுப்பும் யோசனை மட்டும் வேண்டாம் என்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

உங்கள் மாமியாரைக் குறை சொல்லவில்லை. குடிக்கிறவர்கள் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தொடாமல் இருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். (அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானதே, அது வேறு கதை.) ஆக்சிகோடோன் போன்ற அபின் வகை மருந்துகளான ஓப்பியாய்டுகளைப் பொறுத்தவரை அந்த இடைவெளிக்குப் பிறகுதான் உயிருக்கு ஆபத்து கூடுகிறது. சில வாரங்கள் எடுக்காமல் இருந்தாலே உடலின் தாங்கும் திறன் இறங்கிவிடும். ஆனால் வேட்கை இறங்குவதில்லை. மலையிலிருந்து இறங்கி, விமானம் ஏறி, பழைய அறைக்குத் திரும்பியவர் முன்பு எடுத்த அதே அளவை ஒரே ஒரு முறை எடுத்தாலும் மூச்சு அடங்கிப்போகக்கூடும். அங்கே வெளியில் வாங்கும் மாத்திரைகளில் மிகக் கடுமையான ஓப்பியாய்டான ஃபென்டனில் கலந்திருப்பது சாதாரணமாகிவிட்ட நிலையில் இந்த ஆபத்து பல மடங்கு பெரிது.

ஆகவே மூன்றில் எது வலிமையானது என்று பார்க்காதீர்கள். எதை அவரால் ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடர முடியும் என்று பாருங்கள். அந்தக் கண்ணோட்டத்தில் அவரைப் போன்ற ஒருவருக்கு முதலில் பேச வேண்டியது புப்ரெனார்ஃபின் என்பது என் கருத்து. ஆக்சிகோடோன் மூளையில் பற்றும் அதே இடங்களை அது இன்னும் இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது, ஆனால் ஓரளவுக்கு மட்டுமே தூண்டுகிறது. மேட்டூரில் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டபின் எவ்வளவு வெள்ளம் வந்தாலும் வெளியேற்றிவிடுவதைப்போல, ஒரு கட்டத்துக்கு மேல் அளவைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் விளைவு அதே அளவில் கூடுவதில்லை. மதுவோடும் தூக்க மாத்திரைகளோடும் சேர்த்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓப்பியாய்டின் விளைவை முறிக்கும் நாலக்ஸோனைச் சேர்த்து, நாக்கின் அடியில் கரையும் படலமாகவோ மாத்திரையாகவோ தருவார்கள். சபாக்ஸோன் என்ற பெயரில் 2002இல் அங்கு அனுமதி பெற்றது இதுதான். முன்பு இதை எழுதித்தர மருத்துவருக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் அதை நீக்கிவிட்டதால் உங்கள் குடும்ப மருத்துவரே எழுதித்தரலாம், என்னைப் போன்றவர்கள் கடையிலேயே கொடுக்கலாம்.

புப்ரெனார்ஃபினைத் தொடங்கும் நேரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆக்சிகோடோன் உடலில் நிறைந்திருக்கும்போது இதைப் போட்டால் அதைத் தள்ளிவிட்டு இது உட்கார்ந்துகொள்ளும். வாந்தி, நடுக்கம், வியர்வை என, பழகிய மருந்து நின்றால் வரும் விலகல் துன்பம் ஒரே நேரத்தில் வந்து தாக்கும். சாதாரணமாக 12 முதல் 24 மணி நேரம் காத்திருந்து, விலகல் அறிகுறிகள் தெளிவாகத் தெரிந்தபின் தொடங்கச் சொல்வார்கள். வெளி மாத்திரை எடுத்திருந்தால் அதை மறைக்காமல் சொன்னால்தான் இந்தக் கணக்கு சரியாக அமையும். வாயில் கரையும் வகை பல்லைக் கெடுக்கலாம் என்று 2022இல் எச்சரிக்கை வந்தது. முழுதும் கரைந்தபின் வாயைக் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்தே பல் துலக்க வேண்டும்.

மெத்தடோன் பழமையானது, 1960களின் நடுவில் நியூயார்க்கில் டோல், நைஸ்வாண்டர் என்ற இரு மருத்துவர்கள் இச்சிகிச்சையைத் தொடங்கினார்கள். முழுமையாகத் தூண்டக்கூடியது என்பதால், புப்ரெனார்ஃபின் போதாதவர்களையும் அது பிடித்து நிறுத்துகிறது. ஆனால் அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். இதயத் துடிப்பின் லயத்தையும் அது பாதிக்கக்கூடும். எங்கள் கடையில் மெத்தடோனை வலிக்குத்தான் கொடுக்கலாம், இந்தச் சிகிச்சைக்குக் கொடுக்கச் சட்டம் இடம் தராது. அதற்கென்று உள்ள நிலையத்துக்குத் தொடக்கத்தில் அடிக்கடி, சில இடங்களில் தினமும், போக வேண்டியிருக்கும். நிலையான நிலைக்கு வந்தவருக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது 2024 விதிப்படி அதிகபட்சம் 28 நாட்களுக்குத்தான். இன்னும் கார் ஓட்டப் பழகாத குடும்பத்துக்கு இது சிறிய விஷயம் அல்ல.

நால்ட்ரெக்ஸோன் ஓப்பியாய்டு வேலை செய்யாமல் தடுப்பது, போதைப்பொருளே அல்ல என்பதால் நம்மவர்களுக்கு அதுவே கௌரவமான மருந்தாகத் தோன்றும். மாதம் ஓர் ஊசி, விவிட்ரால் என்ற பெயரில் கிடைக்கிறது. ஆனால் அதற்கு முன் 7 முதல் 10 நாள் எந்த ஓப்பியாய்டும் எடுக்காமல் இருக்க வேண்டும். 570 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், நால்ட்ரெக்ஸோன் ஊசிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 28 சதவீதத்தினரால் சிகிச்சையைத் தொடங்கவே முடியவில்லை. புப்ரெனார்ஃபினில் அது 6 சதவீதம். தொடங்கிவிட்டவர்களிடையே இரண்டும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. நால்ட்ரெக்ஸோன் ஊசியின் விலையும் ஆயிரம் டாலரைத் தாண்டும், காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி பெற வேண்டியிருக்கும். ஊசியை நிறுத்தியபின் தாங்கும் திறன் குறைந்திருக்கும் ஆபத்து இங்கும் உண்டு.

ஊருக்கு வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிலைபெற்றபின், மருந்துச்சீட்டும் மருத்துவர் கடிதமும் எடுத்துக்கொண்டு, கடை கொடுத்த அதே குப்பியில் மருந்தோடு வரலாம். புப்ரெனார்ஃபினில் மாத ஊசியும் உண்டு, ஒரு மாதப் பயணத்துக்கு அதுவே வசதி. மருந்து தீர்ந்தால் இங்கே செவ்வாய்ப்பேட்டையில் உள்ள மருந்துக்கடையில் போய்க் கேட்டு வாங்கிவிட முடியாது.

அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சியிருந்தீர்கள். போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்கு அங்கே கூட்டரசுச் சட்டத்தின் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு மருத்துவப் பரிசோதனையில் இதைப் பற்றிக் கேட்பார்கள். விண்ணப்பிக்கும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

எந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தாலும், நாலக்ஸோன் மூக்குத் தெளிப்பான் ஒன்றை இன்றே வாங்கி வையுங்கள். 2023 முதல் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. அவர் எழுப்பியும் எழாமல், மூச்சு மெலிந்து, உதடு நீலம் பாரித்தால் தெளித்துவிட்டு உடனே 911ஐ அழையுங்கள்; விசாவை நினைத்துத் தயங்காதீர்கள். உங்களுக்குச் சம்மதமானால், நான் கிளம்புவதற்குள் அம்மாபேட்டைக்குப் போய் உங்கள் மாமியாரிடம் நானே பேசுகிறேன். எதுவரை அவருக்குத் தெரியலாம் என்பதை மட்டும் முன்னதாக எழுதிவிடுங்கள்.