தேங்காய்த்திட்டில் நிறுத்த எந்தப் பாய்மரப் படகு?

கேள்வி: புதுச்சேரி தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிறுத்திவைக்க ஒரு பாய்மரப் படகு வாங்க எண்ணியுள்ளேன். 1976இல் கட்டிய கான்டெஸா 32, 2020இல் கட்டிய பெனெட்டோ ஓஷியானிஸ் 30.1 என இரண்டு படகுகள் விலைக்கு வந்துள்ளன. வார இறுதிகளில் மனைவி, மகனுடன் கடலூர், நாகப்பட்டினம் வரை போய்வரவும், இரண்டு ஆண்டுகளுக்குள் ஒருமுறை அந்தமான் செல்லவும் விருப்பம். விவரத் தாள்களை இணைத்துள்ளேன். ஏறத்தாழ ஐம்பது வயதான படகை நம்பலாமா? (முதலியார்பேட்டை வாசகர்)

பதில்: தாள்களைப் பிரித்ததும், படகு நீருக்குள் எவ்வளவு இறங்குகிறது என்ற எண்ணைத்தான் முதலில் தேடினேன். கான்டெஸாவுக்கு 1.68 மீட்டர். ஓஷியானிஸ் 30.1 ஆழக் கீல், ஆழம் குறைந்த கீல் எனப் பல வகைகளில் விற்கப்பட்டது. உங்களுக்கு வந்திருப்பது 1.88 மீட்டர் இறங்கும் ஆழக் கீல் படகு. (கீல் என்பது படகின் அடியில் கீழ்நோக்கி நீளும் பகுதி; நம் தோணித் தச்சர்கள் ஏரா என்பார்கள்.) தேங்காய்த்திட்டுக்குள் நுழையும் வழியான அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோவதும், அதைத் தூர்வாருவதும், மறுபடி தூர்வதும் நீங்கள் அறிந்ததே. ஒரு மீட்டர் அலை எழும் நாளில் அலையின் பள்ளத்தில் படகு அரை மீட்டர் கீழே போகும். அதற்கு மேல் அரை மீட்டராவது இடைவெளி வேண்டும். அப்படிப் பார்த்தால் கான்டெஸா உள்ளே வர 2.7 மீட்டர் நீரும், உங்கள் ஓஷியானிஸுக்கு 2.9 மீட்டர் நீரும் தேவை, 1.30 மீட்டர் கீல் கொண்ட ஓஷியானிஸாக இருந்தால் 2.3 மீட்டரே போதும். நம் கரையில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், ஓதத்துக்குக் காத்திருந்து நுழைவதில் பெரிய ஆதாயம் இல்லை.

என்றேனும் ஒரு நாள் தரைதட்டும் என்று வைத்துக்கொண்டே தேர்வு செய்யுங்கள். கான்டெஸாவில் எடைக்கட்டி (படகு கவிழாமல் காக்கும் கனம்) கீலின் ஃபைபர் உறைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இக்காலப் படகுகள் பலவற்றில் தட்டையான அடிப்பகுதியில் கீலைப் போல்ட்டால் பூட்டி, அந்தச் சுமையைத் தாங்க உள்ளே ஃபைபர் சட்டகம் ஒன்றை ஒட்டியிருப்பார்கள். மணலில் மோதும்போது போல்ட் அசையாமல் இருந்தாலும் அந்த ஒட்டு விட்டுப்போகலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. 2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற படகு அட்லாண்டிக் நடுவே கீல் கழன்று கவிழ்ந்து, அதிலிருந்த நால்வரும் மாண்டனர். அதை ஆராய்ந்த பிரிட்டன் விபத்து விசாரணை அமைப்பு, முன்பு தரைதட்டியதால் உள்ளே ஒட்டு தளர்ந்திருக்கக்கூடும் என்பதை முக்கியமாகச் சுட்டியது. அது வேறு மாதிரிப் படகு; உங்கள் ஓஷியானிஸும் அப்படியே ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மணல் திட்டைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்ற நிலையில் உள்ளவர் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். புதிய படகின் இரட்டைச் சுக்கான்களும் எனக்குச் சற்று உறுத்தலாகவே உள்ளன. கடலூர்க் கரையோரம் இரவில் விரித்திருக்கும் வலைகளில் சிக்க ஒன்றுக்கு இரண்டாக இடம் கிடைக்கிறது.

வேகத்திலும் வசதியிலும் புதியதே மேல். கான்டெஸாவின் நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் அதன் நீளம்) 7.3 மீட்டர் மட்டுமே என்பதால் ஆறரை நாட் வேகத்தை (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) தாண்டுவது அரிது. ஓஷியானிஸ் நல்ல காற்றில் ஏழு நாட் ஓடும். நாகப்பட்டினம் ஏறத்தாழ 70 கடல் மைல். இந்த வேறுபாட்டால் ஒரு மணி நேரம் மிச்சமாகும், அவ்வளவே. மே மாத வெயிலில் பழைய படகின் குறுகிய அறை அடுப்படி போலிருக்கும் என்பதை மட்டும் உங்கள் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்தமான் பயணம் வேறு கணக்கு. புதுச்சேரியிலிருந்து போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 760 கடல் மைல். ஐந்து நாட் வேகம் என்றால் ஆறு நாளுக்கு மேல் ஆகும். வாடை தளர்ந்த பிப்ரவரி, மார்ச்சில் புறப்பட்டாலும் போகும் வழியில் காற்று பெரும்பாலும் முகத்துக்கு எதிரே வடகிழக்கிலிருந்தே வரும். அகன்ற, இலேசான படகு எதிரலையில் அடிவயிறு அறைய அறையப் போகும். ஒடுங்கிய, கனத்த கான்டெஸா நனைந்தாலும் அலையைக் கிழித்துப் போகும். அதன் எடை ஏறத்தாழ 4,300 கிலோ, அதில் 2,000 கிலோவுக்கு மேல் எடைக்கட்டி. 1979 ஆகஸ்டில் பிரிட்டன் கடற்பகுதியில் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் பந்தயத்தைப் புயல் தாக்கி, புறப்பட்ட 303 படகுகளில் பெரும்பாலானவை முடிக்காமல் திரும்பியபோது, மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்த ஒரே படகு அசென்ட் என்ற கான்டெஸா 32. 155 டிகிரி அளவுக்குச் சாய்ந்தாலும் தானே நிமிரும் வடிவம் அது. ஓஷியானிஸை எடுப்பதானால் அதன் சிஇ தகட்டை (ஐரோப்பியத் தரச் சான்று) பாருங்கள்: பி என்றிருந்தால் பியூஃபோர்ட் காற்று அளவுகோலில் 8 வரையிலான காற்று, 4 மீட்டர் அலை வரைக்குமே அது வடிவமைக்கப்பட்டது. 1976 படகில் அத்தகைய தகடே இராது; அந்த விதி கட்டாயமானது 1998இல்தான்.

ஆகவே இந்த இரண்டில் ஒன்று என்றால் கான்டெஸாவை எடுக்கச் சொல்வேன், ஆனால் விலை பேசும் முன் சோதனை நடக்க வேண்டும். அக்காலத்தில் ஃபைபரைத் தடிமனாகவே வார்த்தார்கள். உடல் எளிதில் உடையாது. ஆனால் நம்முடையது போன்ற வெப்பக் கடலில் நீர் ஃபைபருக்குள் ஊறிக் கொப்புளம் எழும், எனவே கரையேற்றி ஈரமானியால் அளக்கச் சொல்லுங்கள். பாய்மரத்தை நிறுத்தும் கம்பிகளை மாற்றி 10 ஆண்டுக்கு மேலாகியிருந்தால் முழுவதையும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். இயந்திரம், மின்கம்பி, அடிவால்வுகள் ஆகியவற்றுக்கும் அதே கணக்குத்தான்; மலிவாக வந்த பழைய படகு இவற்றிலேயே புதியதன் விலையை எட்டிவிடுவதுண்டு. மேல்தளத்தை மரச் சுத்தியால் அங்குலம் அங்குலமாகத் தட்டச் சொல்லுங்கள். கணீரென்ற ஒலி மங்கி 'தொப்' என்று கேட்குமிடத்தில் ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே உள்ள மரம் அழுகியிருக்கக்கூடும். அப்படிப் பல இடங்கள் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, 1.30 மீட்டர் கீல் உள்ள ஓஷியானிஸ் விலைக்கு வரும்வரை காத்திருங்கள். அந்தமானை மட்டும் அப்போது தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

எந்தப் படகை எடுத்தாலும் அக்டோபர் பிறப்பதற்குள் கரையேற்றக் கிரேனும் இடமும் உறுதி செய்துகொண்டு முன்பணம் கொடுங்கள். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என இரண்டு புயல்களும் நம் கரையில்தான் ஏறின.