கோளாறு அந்த ஒரு முட்டையோடு முடிந்துவிட்டது

உங்களுக்குப் புற்றுநோய் இல்லை. உடம்பு முழுக்கச் செல்கள் தப்பாகப் பிரிந்துகொண்டிருக்கவும் இல்லை. கோத்தகிரி பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் 36 வயது வாசகிக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பக்கக் கடிதத்தில் பத்து விஷயம் இருந்தாலும், உங்களைத் தூங்கவிடாதது இது ஒன்றுதான். இரண்டாவது தடவை ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்தபோது திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ‘டிரைசோமி 16, செல் பிரிவில் பிழை’ என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைதான் குரோமோசோம்; அதில் 16ஆம் எண் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதை ராத்திரி செல்போனில் தேடப் போய், செல் பிரிவு என்றாலே கேன்சர் என்று எவரோ எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மாதமாக அழுதுகொண்டிருக்கிறீர்கள்.

இலை மூட்டை தூக்கியது, பப்பாளி தின்றது, பச்சைத் தண்ணீரில் குளித்தது என்று மாமியார் சொல்லும் எதுவும் ஒரு குரோமோசோமைக் கூடுதலாகக் கொண்டுவந்து வைக்காது. விட்டுத்தள்ளுங்கள். முடி கொட்டுவதும் இதற்குச் சம்பந்தமில்லை.

ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறீர்கள், அதனால் நான் சொல்வது உங்களுக்குச் சுலபமாகப் பிடிபடும். நர்சரியில் ஓர் இலையும் கணுவுமாக ஒரு கட்டிங்கைப் பாலித்தீன் பையில் நடுகிறோம். வளர்ந்தால் அது தாய்ச்செடியேதான். இலையின் நிறம், துளிர் விடும் காலம், எதுவும் மாறாது. அதற்குள் நடப்பது மைட்டாசிஸ், அதாவது ஒரு செல் தன்னைப் போலவே இரண்டாகப் பிரிவது. விதை போட்டு வளர்த்த பழைய தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு செடி ஒன்றுபோல் இருக்காது. ஒன்றுக்கு இலை அகலம், பக்கத்தில் இருப்பதற்குச் சிறிசு. பூவுக்குள் மியாசிஸ் நடந்ததால் வந்த வித்தியாசம் அது. பள்ளிப் புத்தகத்தில் குன்றல் பிரிவு என்று படித்திருப்பீர்கள். தேயிலைச் செடிக்கு 30 குரோமோசோம். மகரந்தத்தில் 15, சூல் முட்டையில் 15.

நமக்கு 46. தோல், ரத்தம், குடல் எல்லாம் நாள்தோறும் புதுப்பிக்கப்படுவது மைட்டாசிஸில்: ஒரு தடவை நகல், ஒரு தடவை பிரிவு, 46 உள்ள இரண்டு செல்கள். முட்டைக்கும் விந்தணுவுக்கும் மட்டும் நகல் ஒரு தடவை, பிரிவு இரண்டு தடவை. அப்பா வழி வந்த குரோமோசோமும் அம்மா வழி வந்ததும் ஜோடி ஜோடியாக ஒட்டி நின்று, துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. முதல் பிரிவில் ஜோடி விலகுகிறது, இரண்டாவதில் நகல்கள் விலகுகின்றன, கடைசியில் 23. ஆணுக்கு இப்படி நான்கு விந்தணு கிடைக்கும். பெண்ணுக்கு ஒரே முட்டை; மற்றவை சிறு துணுக்குகளாக ஒதுங்கிவிடும்.

இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தும் எனக்கு வியப்பு அடங்காத விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே உங்கள் முட்டைகள் மியாசிஸைத் தொடங்கிவிட்டன. தொடங்கி, ஜோடிகள் ஒட்டி நின்ற நிலையிலேயே நின்றுவிட்டன. மாதாமாதம் முட்டை வெளிவரும் நேரத்தில்தான் முதல் பிரிவு முடியும். விந்தணு உள்ளே போனால்தான் இரண்டாவது முடியும். 36 வயதில் வெளிவரும் முட்டைக்குள் அந்த ஜோடிகளைக் கட்டி வைத்திருக்கும் புரதக் கயிறும் அத்தனை வருஷப் பழசு. அது தளர்ந்தால் ஒரு ஜோடி ஒழுங்காக விலகாமல் ஒரே பக்கம் போய்விடும். முட்டையில் 24, விந்தணுவில் 23, கருவில் 47. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதியில் இப்படிக் குரோமோசோம் பிழை இருக்கிறது. கலைந்த கருக்களில் காணப்படும் டிரைசோமிகளில் அதிகமாக வருவது இந்த 16தான். உங்கள் உடம்புச் செல்களில் 46 அப்படியே இருக்கிறது. அடுத்த மாதத்து முட்டை தன் பிரிவைத் தானே புதிதாகச் செய்யும். இரண்டு கலைந்த பிறகும் அடுத்தது நல்லபடியாகப் பிறப்பதைத்தான் பெரும்பாலான பெண்களிடம் பார்க்கிறோம்.

‘முட்டையின் தரம் கூட்டும்’ மாத்திரையை ஆன்லைனில் வாங்கிச் சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே நிறுத்துங்கள். தளர்ந்த கயிற்றைக் கட்டித் தரும் மாத்திரை எதுவும் கிடையாது. ஃபோலிக் ஆசிட் மட்டும் தினமும் 400 மைக்ரோகிராம் போதும். அதையும் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கடைசிப் பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி. ‘முதல் தடவை இடது அடிவயிற்றில் மட்டும் சுருக்கென்று வலி, கொஞ்சம் ரத்தம். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுப் படுத்துவிட்டேன், தானாகச் சரியாகிவிட்டது.’ ஸ்கேனே எடுக்கவில்லை. அது கருப்பைக்குள் இருந்த கருவா, கருக்குழாயில் தங்கியதா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. குழாயில் தங்கியதாக இருந்தால், மறுபடியும் அங்கேயே தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். குழாய் வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்தான் கொட்டும். வெளியே துணியில் சில சொட்டுதான் படும், அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். உள்ளே தேங்கிய ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையை உறுத்துவதால் தோள்பட்டை நுனியில் வலிக்கும். கையில் சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் அடுத்த தடவை நாள் தள்ளிப்போய், சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு தெரிந்தால், ஆறாவது வாரத்தில் ஸ்கேன் எடுத்துக் கரு கருப்பைக்குள் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதற்குள் ஒரு பக்க வலியோ, தோள் வலியோ, கண் இருட்டலோ வந்தால் வலி மாத்திரையைத் தொடாதீர்கள். பனிமூட்டமாக இருக்கிறது, விடிந்ததும் முதல் பஸ்ஸில் போகலாம் என்று படுத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் 108-ஐக் கூப்பிட்டு, கர்ப்பம், ஒரு பக்கம் வலி, மயக்கம் என்று மூன்றையும் சொல்லுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம், வழியில் காப்பித்தண்ணிகூடக் குடிக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் டிரைசோமி ரிப்போர்ட்டைக் காட்டும்போது, முதல் தடவை வந்த அந்த இடப்பக்க வலியையும் மறக்காமல் சொல்லுங்கள்.