சொந்தக் காசில் காலண்டர் போடலாமா?

கேள்வி: வேடந்தாங்கலில் நான் எடுத்த பறவைப் படங்களைக் காலண்டராகப் போட ஆசை. கையில் 15,000 ரூபாய்தான். 500 பிரதி அடித்தால் விலை குறையும் என்கிறார்கள். இறங்கலாமா?

பதில்: 500 வேண்டாம். ஆஃப்செட்டில் (பிளேட் என்ற அச்சுத் தகடு செய்து அடிக்கும் முறை) பிளேட் செலவு எத்தனை அடித்தாலும் ஒன்றுதான், அதனால் எண்ணிக்கை கூடக்கூடப் பிரதி விலை இறங்கும், சரி, ஆனால் விற்காத காலண்டர் பொங்கலுக்கு அப்புறம் பழைய பேப்பர் கடைக்குத்தான் போகும் (நானே போட்டிருக்கிறேன்). முதலில் தெரிந்தவர்களிடம் முன்பணம் வாங்குங்கள். 50 பேர்தான் தேறினால் பிளேட் இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து நேராக அடிக்கும் டிஜிட்டலில் அந்த 50 மட்டும் அடியுங்கள், ஒன்றுக்கு விலை கூடினாலும் காசு முடங்காது. ஏ4 அளவுக்கு 2480க்கு 3508 பிக்சல் இருக்கட்டும், வாட்ஸ்அப்பில் சுருங்கிய படம் உதவாது. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே மாதிரி காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கிறார்கள், நீங்கள் டிசம்பர் வரை இழுக்காதீர்கள்.