அதிபர் ஒருவரா, ஒருவராவதா?

உப்புவெளியிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "உயர்தரத்தில் அளவையியல் (தர்க்கம்) படிக்கும் என் மகளுக்கு 'எங்கள் பாடசாலை அதிபர் கணிதப் பட்டதாரி' என்ற வாக்கியத்தைக் குறியீட்டில் எழுதக் கொடுத்தார்கள். ரியூசன் குறிப்பில் விடை இரண்டு பகுதியாக இருக்கிறது. பாடசாலை ஆசிரியர் மூன்று பகுதி வேண்டும் என்கிறார். எது சரி?"

ஆசிரியர் சொல்வதுதான் சரி. ரியூசன் குறிப்பு சொல்வது இவ்வளவுதான்: ஒருவராவது அதிபராக இருக்கிறார், அவர் கணிதப் பட்டதாரி. அதிபர் கதிரைக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடி, அவர்களில் ஒருவர் மட்டும் கணிதம் படித்திருந்தாலும் இது உண்மையாகிவிடும். விடுபட்ட பகுதி இது: யார் அதிபராக இருந்தாலும் அவர் இவரேதான். 1905இல் பிரித்தானியத் தத்துவஞானி பேர்ட்ரண்ட் ரசல் இப்படி மூன்றாகப் பிரித்துக் காட்டினார்.

உங்களுக்குக் குறியீடு புரியாவிட்டாலும் பரவாயில்லை. விடையில் சமக்குறி (=) இருக்கிறதா என்று பாருங்கள். 'அவர் இவரேதான்' என்பதை எழுதுவது அதனால்தான். சமக்குறி இல்லாமல் 'ஒரே ஒருவர்' என்று இந்தத் தர்க்கத்தில் சொல்லவே முடியாது.

பிள்ளைகள் தடுமாறுவதற்கு நம் மொழியிலும் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'த' (the) என்ற சிறுசொல் குறிப்பிட்ட ஒன்றைக் காட்டிவிடும். சிங்களத்தில் 'ஏதோ ஒன்று' என்றால் பெயரோடு விகுதி ஒட்டும். ஒட்டாவிட்டால் குறிப்பிட்ட ஒன்று. தமிழில் வெறும் 'அதிபர்' இரண்டுக்கும் பொருந்தும். அப்படியிருக்க, வினா எழுதுபவர்கள் 'ஒரே' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் என்ன? பிள்ளை தர்க்கம் தெரியாமல் புள்ளி இழந்தால் நியாயம். வினா எழுதியவரின் மனதில் இருந்ததை ஊகிக்க முடியாமல் இழப்பது என்ன நியாயம்?

பரீட்சை நெருங்கும்போது 'உத்தேச வினாவிடை' என்று போட்டோகொப்பிக் கட்டு விற்பவர்களை நம்பாதீர்கள். விலைக்கு வாங்கிய இரண்டு கட்டுகளை நானே பார்த்தேன். இரண்டிலும் இதே பிழை, ஒன்றைப் பார்த்து மற்றது எழுதப்பட்டதுபோல. 'அதிபர் மட்டும் கணிதப் பட்டதாரி' என்பதற்கும் அதே விடையைப் போட்டிருந்தார்கள். அது வேறு வாக்கியம். அதிபரைத் தவிர வேறு யாரும் கணிதப் பட்டதாரி இல்லை என்று சொல்வது.

மகளுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுங்கள். 'கன்னியாவின் வெந்நீர்க் கிணறு சூடானது' என்று எழுதச் சொல்லுங்கள். திருகோணமலைக்கு அருகிலுள்ள அந்தக் கன்னியாவில் கிணறுகள் ஏழு. சூடு எவ்வளவு இருந்தாலும், ரசலின் முறைப்படி அந்த எடுப்பு (கூற்று) பொய்யாக வேண்டும். அவள் எழுதியது உண்மை என்று வந்தால், 'ஒன்றே ஒன்று' என்று சொல்லும் பகுதி விடுபட்டிருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் நிதானம் வேண்டும்: 'அல்லர்' வரும் இடம். அதிபர் இடமாற்றமாகிப் போய்விட்டார், பதிலுக்கு யாரும் வரவில்லை என்று வையுங்கள். இது நமக்குப் புதிதா? இப்போது 'எங்கள் பாடசாலை அதிபர் கணிதப் பட்டதாரி அல்லர்' என்பது உண்மையா, பொய்யா? மறுப்பை முழு வாக்கியத்துக்கும் முன்னால் போட்டால், 'ஒரே ஒரு அதிபர் இருந்து, அவர் கணிதப் பட்டதாரியாகவும் இருக்கிறார் என்பது இல்லை' என்று ஆகும். ஆளே இல்லாததால் இது உண்மை. மறுப்பைக் கடைசிப் பகுதிக்குள் போட்டால், 'ஒரே ஒரு அதிபர் இருக்கிறார், அவர் கணிதப் பட்டதாரி அல்லர்' என்று வரும். இது பொய். அதிபர் ஒரே ஒருவர் இருக்கும்வரை இரண்டும் ஒன்றாகவே போகும். கதிரை வெறுமையானால் பிரிந்துவிடும். பேச்சில் நாம் பெரும்பாலும் நினைப்பது இரண்டாவதைத்தான். சோதனைத்தாளில் அதை எழுதிவிட்டு, மறுப்பை எந்தப் பொருளில் எடுத்தேன் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

அந்தக் குறிப்பைக் கிழித்தெறிய வேண்டாம். விடுபட்ட பகுதியை மகளே பென்சிலால் ஒவ்வொன்றாக எழுதி நிரப்பட்டும். அதற்கு ஒரு பின்னேரம் போதும்.