அணுமின் நிலையத்தில் பாதுகாப்புக்கென இருக்கும் சர்க்யூட் பிரேக்கரே வேலை செய்யாமல் போனால் என்ன ஆகும்? அப்படி எப்போதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சேலம் அணுமின் நிலையத்தின் முதல் உலையில், 1983 பிப்ரவரியில், மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை. நான் அணு உலையில் வேலை பார்த்தவன் இல்லை, சுவிட்ச்கியர் (பிரேக்கர்கள் அடங்கிய மின் விநியோகச் சாதனங்கள்) பராமரிப்பில் இருந்தவன். ஆனால் பிரேக்கரோடு பழகிய எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் அது.

முதலில் அந்த பிரேக்கரின் வேலை என்ன என்று பார்த்துவிடலாம். சேலம் போன்ற அழுத்த நீர் உலைகளில் கட்டுப்பாட்டுக் கோல்களை மேலே பிடித்து வைத்திருப்பது மின்சாரம்தான். அது வரும் வழியில் ட்ரிப் பிரேக்கர்கள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். இரண்டில் ஏதாவது ஒன்று ட்ரிப் ஆனாலே, அதாவது திறந்து மின்சாரத்தைத் துண்டித்தாலே போதும், கோல்கள் தம் எடையிலேயே உலைக்குள் விழுந்து, சில விநாடிகளில் பிளவுத் தொடர்வினை நின்றுவிடும். கரண்ட் போனால் உலை நிற்கும் என்ற இந்த ஏற்பாடு உண்மையிலேயே அருமையானது.

பிப்ரவரி 25 அன்று நீராவி உற்பத்திக் கலனில் நீர்மட்டம் மிகவும் குறைந்து, உலையை நிறுத்தச் சொல்லித் தானியங்கி சிக்னல் போனது. இரண்டு பிரேக்கர்களுமே அசையவில்லை. ஏறக்குறைய அரை நிமிடத்தில் உலையை இயக்கும் இயக்குநர்கள் கையால் ட்ரிப் கொடுத்ததும் உலை நின்றது. உலை அப்போது குறைந்த திறனில்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் சேதம் எதுவும் இல்லை.

கையால் கொடுத்தபோது மட்டும் எப்படி வேலை செய்தது? ஒரு பிரேக்கரை ட்ரிப் செய்ய இரண்டு உறுப்புகள் இருந்தன. ஒன்று அண்டர்வோல்டேஜ் காயில்: கரண்ட் இருக்கும்வரை ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும், கரண்ட் போனதும் விட்டுவிடும், ஸ்பிரிங், பிரேக்கரை மூடிய நிலையில் பிடித்திருக்கும் கொக்கியான லாட்சைத் தட்டிவிடும். இன்னொன்று ஷண்ட் ட்ரிப் காயில்: கரண்ட் கொடுத்தால் அதுவே பலமாக இழுத்துத் தட்டும். அன்றைய வடிவமைப்பில் தானியங்கி சிக்னல் அண்டர்வோல்டேஜ் பக்கம் மட்டும்தான் போனது. கை பட்டனோ இரண்டையும் இயக்கியது. இரண்டு பிரேக்கர்களிலும் அண்டர்வோல்டேஜ் அமைப்பு இறுகிப்போயிருந்தது. தேய்மானம், மசகு இல்லாமை, ஒழுங்கில்லாத பராமரிப்பு. இரண்டு பிரேக்கர்கள் இருந்தும் இரண்டுக்கும் ஒரே வியாதி.

என்னை அதிகம் உலுக்கியது இதற்கு முந்தைய சம்பவம்தான். பிப்ரவரி 22 அன்றும் இதேபோல தானியங்கி ட்ரிப் வேலை செய்யவில்லை. ஆனால் கிட்டத்தட்ட அதே நேரத்தில் இயக்குநர் கையால் ட்ரிப் கொடுத்துவிட்டார். உலை நின்றது, எல்லாம் சரி என்று மறுபடி இயக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். 25ஆம் தேதி சம்பவத்துக்குப் பிறகு பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் 22லும் தோற்றிருந்தது தெரிந்தது. உலை நின்றதா என்று பார்த்தார்கள், எதனால் நின்றது என்று பார்க்கவில்லை.

இந்த இறுக்கம் எப்படி வருகிறது என்று கேட்டால், சும்மா இருப்பதால்தான். தினமும் இயங்கும் பிரேக்கரைவிட மாதக்கணக்கில் மூடியே, அதாவது மின்சாரம் ஓடும் நிலையிலேயே, நிற்கும் பிரேக்கரில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து பழுப்பாகி, நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி உதிரும். அப்படிப்பட்ட ஒன்றை முதல் தடவை ட்ரிப் செய்தால் தாமதமாகத் திறக்கும். அடுத்த தடவை டைமிங் பார்த்தால் கச்சிதமாக இருக்கும், ஏனென்றால் முதல் தட்டிலேயே இறுக்கம் விட்டுப்போயிருக்கும். அதனால் துடைத்து, எண்ணெய் விட்டு, இரண்டு தடவை இயக்கிவிட்டு எடுக்கும் அளவீட்டை நான் நம்புவதில்லை. தொடாமல் எடுக்கும் முதல் ட்ரிப்பின் நேரம்தான் நிஜம். நெருக்கடியில் அந்த பிரேக்கருக்குக் கிடைக்கப்போவதும் அந்த முதல் வாய்ப்பு மட்டும்தானே.

சேலம் சம்பவத்துக்குப் பிறகு அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1983 ஜூலையில் எல்லா நிலையங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது. இந்த வகை உலைகளில் தானியங்கி சிக்னல் ஷண்ட் ட்ரிப்பையும் இயக்க வேண்டும், ஒவ்வொரு ட்ரிப்புக்குப் பிறகும் காரணத்தை ஆராய்ந்த பின்பே உலையை மறுபடி இயக்க வேண்டும், தயாரிப்பாளரின் பராமரிப்புக் குறிப்புகள் விடுபடாமல் வந்து சேர வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரியது.

அப்புறம், ட்ரிப் பிரேக்கர் மட்டும் சரியாக இருந்தால் போதுமா என்றால், போதாது. உலை நின்ற பிறகும் எரிபொருள் சூடு கக்கிக்கொண்டே இருக்கும், ஆரம்பத்தில் முழுத் திறனில் 6 அல்லது 7 சதவீதம் வரை. அந்தச் சூட்டைத் தணிக்கும் பம்புக்கும், அவசர மின்சாரம் தரும் டீசல் ஜெனரேட்டருக்கும் உள்ள பிரேக்கர்கள் அப்போது சரியாக மூட வேண்டும், பழுதான கேபிளின் பிரேக்கர் சரியாகத் திறக்க வேண்டும். 2010 மார்ச்சில் தென் கரோலினாவின் ராபின்சன் நிலையத்தில் ஒரு கேபிள் பழுதானபோது அதன் பிரேக்கர் திறக்கவில்லை. அதை இயக்க வேண்டிய கட்டுப்பாட்டு மின்சாரமே அதற்கு வந்துகொண்டிருக்கவில்லை. தீப்பிடித்தது. சில மணி நேரம் கழித்து மின்னமைப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயன்றபோது மறுபடியும் தீப்பிடித்தது. உலை பாதுகாப்பாகவே நிறுத்தப்பட்டது. ஆனால் அந்த இரண்டாவது தீ, பழுது எங்கே என்று உறுதி செய்யாமல் மறுபடி மின்சாரம் கொடுத்ததால் வந்தது.