ஆறு மணிப் பூட்டு

கேள்வி: என் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் பொறியியல் படிக்கிறாள். அண்ணா பல்கலைக்கழகச் சம்பவத்துக்குப் பிறகு அங்கே பெண்கள் விடுதியை மட்டும் மாலை 6 மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். எங்களுக்கு நிம்மதி. ஆனால் மாணவிகள் இதை எதிர்த்துக் கல்லூரி முதல்வரிடம் கடிதம் கொடுத்திருக்கிறார்களாம். பாதுகாப்புக்காகச் செய்வதை எதிர்க்கலாமா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உங்கள் பயம் புரிகிறது அம்மா. ஆனால் அந்தக் கடிதத்தில் உங்கள் மகள் கையெழுத்துப் போட்டிருந்தால், நான் அவள் பக்கம்தான்.

நீங்கள் சொல்லும் சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 23 இரவு, பல்கலைக்கழக வளாகத்துக்குள் வெளியாள் ஒருவன் நுழைந்து, ஒரு மாணவியை மிரட்டிப் பாலியல் வன்கொடுமை செய்தான். வெளியே சொன்னால் என்ன ஆகும் என்ற பயத்தை மீறி அவர் மறுநாளே புகார் கொடுத்தார். 2025 ஜூன் 2 அன்று சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 30 ஆண்டுகளுக்குக் குறைப்பே கிடையாது. இதற்கெல்லாம் தொடக்கம் அந்த ஒரு புகார்.

புகார் கொடுத்தவருக்கு என்ன நடந்தது? அவருடைய விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. அது எழுதப்பட்ட விதமே பழியை அவர்மேல் போடுவதாக இருந்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது. பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது.

இப்போது உங்கள் மகளின் விடுதிக்கு வருவோம். நாளைக்கு இரவு ஏழு மணிக்கு ஒரு பெண்ணுக்கு ஏதோ நடந்துவிடுகிறது. வார்டன் முதலில் என்ன கேட்பார்? ‘ஆறு மணிக்கு மேல் உனக்கு வெளியே என்ன வேலை?’ இந்தக் கேள்விக்குப் பயந்தே அவள் வாயைத் திறக்க மாட்டாள். தப்பு செய்தவனுக்கு இதைவிட வசதி வேறு வேண்டுமா?

அப்புறம், எல்லாம் இருட்டிய பிறகுதான் நடக்கிறதா என்ன? காலை 11 மணிக்கு லேபில் நடக்கிறது. இன்டர்னல் மார்க்கைக் கையில் வைத்திருப்பவரின் அறையில் நடக்கிறது. ஒடிசாவின் பாலசோரில் துறைத் தலைவர்மீது புகார் கொடுத்துவிட்டு, நடவடிக்கை இல்லையென்று மனம் உடைந்து கல்லூரி வளாகத்திலேயே தீக்குளித்த மாணவி 2025 ஜூலையில் இறந்துபோனார். எந்த விடுதிப் பூட்டு அவரைக் காப்பாற்றியிருக்கும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்கள் விடுதிக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில் திணிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015ஆம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. உங்களுக்கு நிம்மதி தரும் அந்தப் பூட்டே விதிமீறல்தான்.

அதே விதிமுறைகள் ஒவ்வொரு கல்லூரியிலும் பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்கின்றன. நாம் விசாகா கமிட்டி என்று சொல்வது இதைத்தான். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். மாணவர் தொடர்பான புகார் என்றால், தேர்தல் மூலம் வந்த மாணவர்கள் மூவர் அதில் உட்கார வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன் போன்ற நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்கள் இருக்கக் கூடாது. கல்லூரியின் பெயரைக் காப்பாற்றும் கவலை அவர்களுக்கு இருக்கும் அல்லவா? விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை, குற்றம் சாட்டப்பட்டவர் அந்த மாணவியின் தேர்வுத்தாளைத் திருத்தாதபடி தடுக்கலாம். இதுதான் பல பெண்களுக்குத் தெரிவதில்லை. ‘மார்க்கில் கை வைத்துவிடுவார்’ என்று பயந்தே, புகார் கொடுப்பதற்கான மூன்று மாதக் கெடுவைத் தாண்டவிட்டுவிடுகிறார்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பூட்டைப் பற்றிப் பாராட்டிப் பேசாதீர்கள். குழுவில் யார் யார், அவர்கள் பெயரும் போன் நம்பரும் எந்தச் சுவரில் ஒட்டியிருக்கின்றன, மாணவர் பிரதிநிதிகளுக்குத் தேர்தல் எப்போது நடந்தது என்று கேளுங்கள். நூலகத்திலிருந்து விடுதி வரை எத்தனை விளக்கு எரிகிறது என்று நடந்து பாருங்கள்.

அதற்கு முன்னால், இன்றிரவு மகளுக்கு போன் செய்யுங்கள். எந்த நேரத்தில், எங்கே, யாரோடு இருந்தபோது எது நடந்தாலும் முதலில் எனக்குச் சொல், ‘அங்கே ஏன் போனாய்’ என்று நான் கேட்கவே மாட்டேன் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்தக் கடிதத்தின் நகலை அனுப்பச் சொல்லிப் படித்துப் பாருங்கள்.